பாடகன் இல்லாத கச்சேரி
கல்லூரி வளாகங்களிலும் ரயில் நிலையங்களிலும் உலவும் கிரேக்க புராணம்

எட்டுப் பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. எல்லாம் வெண்கலத்தில் வார்த்த உருவங்கள். மெல்லிய தாரைகளாகத் தண்ணீர் பீச்சுகிறது. ஒருவர் கையில் ஒரு பறவை. இன்னொருவருக்கு ஜெர்மானிய இசை மேதை பீத்தோவனின் முகச்சாயல். எட்டுப் பேரும் ஏதோ ஒரு பாட்டில் மெய்மறந்திருக்கிறார்கள். பாடுகிறவர் யார் என்று நடுவில் தேடினால் அங்கே யாரும் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

இந்த நீரூற்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. மோட்டார் தொழிலுக்குப் பேர் போன டெட்ராய்ட் நகரத்துக்கு அருகே புளூம்ஃபீல்டு ஹில்ஸ் என்று ஓர் ஊர். அங்குள்ள கிரான்புரூக் கல்வி வளாகத்தில், கலைக்கூடத்தின் முன்னால் இது அமைந்திருக்கிறது. பெயர் 'ஆர்பியஸ் நீரூற்று'. ஆர்பியஸ் என்பது கிரேக்க புராணத்தில் வரும் பெரிய பாடகனின் பெயர். அவன் பெயரைத் தாங்கிய நீரூற்றில் அவன் மட்டும் இல்லை!

மேல்நாடுகளில் கல்லூரி வளாகங்களிலும் பூங்காக்களிலும் இப்படிச் சிற்பங்களை வழி நெடுக வைப்பது ஒரு வழக்கம். சில இடங்களில் ஒலியையும் சேர்த்து வைக்கிறார்கள். நடந்துகொண்டே பார்க்கலாம், கேட்கலாம். நாம் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க புராணக் கதைகள் இதற்குப் பெரிதும் கை கொடுக்கின்றன.

'காலை எட்டு மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவனுக்குக் கிரேக்க புராணம் எதற்கு?' என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கும், மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மேற்கொண்டு படித்துப் பார்த்தபோது, இந்தக் கதைகள் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து, தினமும் ரயிலேறுகிறவர்களுக்கு ரொம்பவும் பக்கத்தில் இருப்பது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தவன்

முதலில் கதை. ஆர்பியஸ் திரேஸ் நாட்டுப் பாடகன். யாழ் போன்ற 'லைர்' என்ற நரம்புக் கருவியை மீட்டி அவன் பாடினால் காட்டு மிருகங்கள் பகை மறந்து சுற்றி நிற்குமாம். மரங்களும் பாறைகளும் நகர்ந்து வருமாம். பெரிய புராணத்தில் ஆனாய நாயனார் குழலூதியபோது பசுவும் புலியும் பாம்பும் மயிலும் இசையில் மயங்கியதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஆர்பியஸின் மனைவி யூரிடிஸ், பாம்பு கடித்து இறந்து போகிறாள். அவன் யாழை எடுத்துக்கொண்டு உயிரோடே பாதாள உலகத்துக்கு இறங்குகிறான். வாசலைக் காக்கும் மூன்று தலை நாயும் அவன் பாட்டில் அடங்கிப் போகிறது. மரண உலகின் அரசன் ஹேடீஸ் மனமிரங்கி, "உன் மனைவியை அழைத்துப் போ. ஆனால் மேலே போய்ச் சேரும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று நிபந்தனை விதிக்கிறான். ஆர்பியஸ் முன்னே நடக்கிறான். பின்னால் அவள் வருகிறாளா என்று தெரியவில்லை. வெளிச்சம் தெரியும் நேரத்தில் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்க்கிறான். அவள் மறுபடியும் இருளுக்குள் போய்விடுகிறாள்.

நம் சாவித்திரி யமனிடம் பேசி வென்று கணவனை மீட்டுக் கொண்டு வந்தாள். ஆர்பியஸ் பாடி வென்றவன், கடைசி நேரத்தில் தோற்றுவிட்டான். அதனால்தான் கலைஞர்கள் அவனை இன்றுவரை விடவில்லை போலிருக்கிறது.

கிரான்புரூக் நீரூற்றைச் செய்தவர் கார்ல் மில்லஸ் என்ற ஸ்வீடன் நாட்டுச் சிற்பி. 1875ல் பிறந்தவர். 1897ல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தும் வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பினார். வழியில் பாரிஸ் நகரத்தில் இறங்கினார். அங்கேயே தங்கிவிட்டார். பிழைப்புக்குத் தச்சு வேலை பார்த்தபடி சிற்பம் பயின்றார். பின்னால் பெரும் பேர் பெற்று, 1931ல், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, கிரான்புரூக்கில் சிற்ப ஆசிரியராக வந்து சேர்ந்தார். இருபது வருஷம் அங்கே வேலை செய்தார். 1945ல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். ஆனாலும் 1951ல் அங்கிருந்து விடைபெற்றுக்கொண்டார். 1955ல் ஸ்டாக்ஹோம் அருகே தம் சொந்த வீட்டில் காலமானார்.

ஸ்டாக்ஹோம் நகரத்து இசை அரங்கின் முன்னாலும் இதே 'ஆர்பியஸ்' சிற்பக் கூட்டம் உண்டு. 1936ல் திறந்து வைத்தார்கள். நோபல் பரிசுகள் வழங்கப்படும் அரங்கம் அதுதான். அதன் எதிரே உள்ள சதுக்கத்தில் பூக்கடையும் பழக்கடையும் போட்டு வியாபாரம் நடக்கிறது. அங்கே ஆர்பியஸ் நடுவில் யாழோடு உயர்ந்து நிற்கிறான், சுற்றிலும் எட்டுப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வைத்தபோது எட்டுப் பேர் மட்டும் வந்தார்கள். பாடகன் ஸ்டாக்ஹோமிலேயே நின்றுவிட்டான்.

கலை விமர்சகர்கள் இதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் சரி, பிழைக்கப் போன ஊரில் இருக்கும் நமக்கு வேறொன்று தோன்றுகிறது. பாட்டு சொந்த ஊரில் இருக்கிறது. கேட்கிற காது மட்டும் கடல் தாண்டி வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த எட்டுப் பேரைப் போல!

அந்த வளாகத்தில் வேறு உருவங்களும் உண்டு. யூரோப்பா என்ற இளவரசியை வெள்ளைக் காளை வடிவெடுத்த ஸீயஸ் கடவுள் முதுகில் ஏற்றிக் கடல் கடந்து கிரீட் தீவுக்குக் கொண்டு போகிற காட்சி ஒன்று. ஐரோப்பாக் கண்டத்துக்கு அவள் பெயரே வந்தது என்பார்கள். நீர்த் தொட்டிகளில் டிரைட்டன்கள் என்ற கடல் தேவர்கள் இருக்கிறார்கள். புராணத்தில் டிரைட்டன் சங்கு ஊதினால் பொங்கும் அலையும் அடங்கிவிடும். சங்குக்கு இருக்கும் மரியாதை நம் ஊரில் மட்டும் இல்லை!

இரண்டு சென்ட் பத்திரிகை

இந்த வளாகத்தை உண்டாக்கியவர் யார் என்பதும் அறிய வேண்டிய விஷயம். ஜார்ஜ் பூத் என்பவரும் அவர் மனைவி எலன் ஸ்கிரிப்ஸ் பூத்தும்தான். பூத் இளமையில் அலங்கார இரும்பு வேலைப் பட்டறை நடத்தியவர். பிறகு மாமனாரின் பத்திரிகைக்கு வந்து அதை நடத்தினார். 1904ல் இருவரும் ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் எலியல் ஸாரினனைக் கொண்டு அங்கே பள்ளிகளையும் கலைக் கல்லூரியையும் கட்டினார்கள்.

மாமனார் ஜேம்ஸ் ஸ்கிரிப்ஸ் 1873ல் டெட்ராய்டில் 'ஈவினிங் நியூஸ்' என்ற மாலைப் பத்திரிகையைத் தொடங்கியவர். அந்த நாளில் மற்றப் பத்திரிகைகளின் விலை சாதாரணத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. இவர் இரண்டு சென்ட்டுக்கு விற்றார். செய்திகளைச் சுருக்கமாகவும் எளிமையாகவும் போட்டார். பட்டறையிலும் ஆலையிலும் உழைத்தவர்கள் வாங்கிப் படித்தார்கள். அந்தச் சில்லறைக் காசு சேர்ந்துதான் பெரும் செல்வமாயிற்று.

ஜேம்ஸின் சகோதரி எலன் பிரௌனிங் ஸ்கிரிப்ஸும் அந்தப் பத்திரிகைக்காக உழைத்தவர். தம் சேமிப்பை அதில் போட்டதோடு புரூஃப் பார்த்தார், கட்டுரைகளும் எழுதினார். பிறகு நாட்டின் மறு கோடியில், கலிபோர்னியாவில் ஸான் டியாகோ அருகே லா ஹோயா என்ற கடற்கரை ஊரில் குடியேறினார். 1903ல் அங்கே தொடங்கிய கடல் உயிரியல் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு வாரிக் கொடுத்தார். அதுவே 'ஸ்கிரிப்ஸ்' கடலாராய்ச்சி நிலையமாகி, அதிலிருந்து 1960ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸான் டியாகோ கிளை முளைத்தது.

ஆக, இரண்டு வளாகங்களின் அஸ்திவாரத்திலும் மாலைப் பத்திரிகை வாங்கிய தொழிலாளியின் காசு இருக்கிறது. 'இதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம்' என்று ஒதுங்கி நிற்க நமக்குக் காரணம் இல்லை. அந்த இரண்டாவது வளாகத்துக்கு இப்போது போவோம். சிற்பத்தோடு ஒலியும் சேர்ந்த இடம் அது.

பாடும் மரம், பேசும் மரம், வாய் திறவாத மரம்

ஸான் டியாகோ வளாகத்தில் 'ஸ்டூவர்ட் தொகுப்பு' என்ற பெயரில் பல கலைஞர்களின் படைப்புகளை ஆங்காங்கே வைத்திருக்கிறார்கள். 1983ல் நிக்கி டி ஸான் ஃபால் என்ற பெண் கலைஞர் செய்த 'சூரிய தெய்வம்' என்ற வண்ணப் பறவைதான் முதலில் வந்தது. சுற்றுச் சுவருக்குள் பூட்டி வைத்த மியூஸியம் இல்லை இது. வகுப்புக்குப் போகிற வழியிலேயே எல்லாம் இருக்கிறது. பார்க்கக் கட்டணமும் கிடையாது.

அங்கே ஒரு தைல மரத் தோப்பு. அதில் இரண்டு மரங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் மின்னும். தொட்டால் மரம் இல்லை, ஈயத் தகடு. 1986ல் டெர்ரி ஆலன் என்ற கலைஞர் அமைத்தது இது. அவர் பாட்டெழுதிப் பாடுகிறவரும் கூட. கட்டட வேலைக்காக வெட்ட வேண்டியிருந்த மரங்களைக் காப்பாற்றி, பதப்படுத்தி, மேலே ஈயத் தகடுகளைப் போர்த்தி, உள்ளே ஒலிபெருக்கி வைத்து மறுபடி தோப்பிலேயே நட்டுவிட்டார். ஒரு மரம் பாடும். இன்னொரு மரம் கவிதையும் கதையும் சொல்லும். அமெரிக்க ஆதிவாசிகளான நவஹோ மக்களின் பாடல்களும் அதில் உண்டு. தெரியாமல் அந்தப் பக்கம் போகிறவர் திடுக்கிட்டு நிற்பார். எந்த மரத்திலிருந்து குரல் வருகிறது என்று தேடுவார்.

மூன்றாவது மரத்தை நூலக வாசலில் நட்டிருக்கிறார்கள். அது பாடாது, பேசாது. மௌன மரம். புத்தகசாலை வாசலில் மௌனம்தானே பொருத்தம்!

டெர்ரி ஆலன் இதைக் கிரேக்கக் கதையை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிரேக்கர்களிடம் பேசும் மரம் உண்டு. வடமேற்கு கிரீஸில் டொடோனா என்ற தலத்தில் ஸீயஸ் கடவுளுக்கு உரிய ஒரு புனித ஓக் மரம் இருந்தது. அதன் இலைகள் சலசலப்பதைக் கேட்டுப் பூசாரிகள் குறி சொல்வார்கள். குடும்பக் கவலைகளோடு சாமானிய ஜனங்களும் அங்கே போனார்கள். கேட்கும் கேள்வியை ஈயத் தகட்டில் கீறிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தகடுகள் அகழ்வாராய்ச்சியில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கேயும் ஈயம், இங்கேயும் ஈயம்!

அதே வளாகத்தில் 2017ல் ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற இசையமைப்பாளர் 'காற்றுத் தோட்டம்' ஒன்றை அமைத்தார். தைல மரங்களின் உயரக் கிளைகளில் அசைவை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டி, தோப்பில் 32 ஒலிபெருக்கிகளை வைத்தார். காற்று வீசிக் கிளை ஆடினால் ஆட்டத்துக்குத் தக்கபடி ஒலி கூடும், குறையும். காற்று ஓய்ந்தால் ஒலியும் ஓய்ந்துவிடும். இதில் பாடகன் காற்றுதான். கிரேக்கர்கள் காற்றுகளை அடக்கி ஆள்பவனை ஏயோலஸ் என்றார்கள். காற்று பட்டே தானாக ஒலிக்கும் நரம்புக் கருவி ஒன்றுக்கு ஐரோப்பியர்கள் அவன் பெயரைத்தான் வைத்தார்கள்.

தைல மரம் என்றதும் ரயில்வேக்காரனுக்கு ஒரு விஷயம் நினைவு வருகிறது. இதே ஸான் டியாகோ பகுதியில் 1906ல் ஸான்டா ஃபே ரயில் கம்பெனி நிலம் வாங்கி, தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை செய்யலாம் என்று சுமார் 30 லட்சம் தைல மரக் கன்றுகளை நட்டது. மரம் வளர்ந்தது. வெட்டினால் முறுக்கிக்கொண்டு வெடித்தது. ஆணி நிற்கவில்லை. ஸ்லீப்பருக்கு ஆகாது என்று கைவிட்டு, அந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். ரயிலுக்கு உதவாத ஜாதி மரம் பாட்டுக்கு உதவியிருக்கிறது!

காதோடு நடந்து வரும் குரல்

மரம் நின்ற இடத்தில் நின்று பாடும். குரலே நம்மோடு நடந்து வந்தால்? ஜேனட் கார்டிஃப் என்ற கனடா நாட்டுக் கலைஞர் அப்படிச் செய்தார். இது கல்லூரி வளாகம் இல்லை, நியூயார்க் நகரத்து ஸென்ட்ரல் பார்க். 2004ம் வருஷம் அங்கே வருகிறவர்களுக்கு ஒரு ஸி.டி. பிளேயரும் ஹெட்ஃபோனும் சில புகைப்படங்களும் கொடுத்தார்கள். 46 நிமிஷ நடை. காதில் ஒரு பெண்ணின் குரல் வழி சொல்லும். அவள் காலடிச் சத்தமும் கேட்கும். அந்த அடிக்கு நம் அடியை ஒத்து நடக்க வேண்டும்.

இரண்டு காதும் கேட்பது போலவே இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்திருந்ததால், பின்னால் யாரோ வருவது போலவும் பக்கத்தில் யாரோ பாடுவது போலவும் இருக்கும். திரும்பினால் ஆள் இருக்க மாட்டார். கையில் உள்ள புகைப்படங்களில், நீண்ட கருங்கூந்தல் கொண்ட ஒரு பெண் இதே பூங்காவில் நிற்பாள். படம் எடுத்த இடத்துக்கு வந்து படத்தை உயர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது, மரமும் பாதையும் அங்கேயே இருக்கும், அவள் இருக்க மாட்டாள். இந்த நடையில் ஆர்பியஸ்-யூரிடிஸ் கதையும் பின்னிக் கிடக்கிறது. பழைய போட்டோவைப் பார்ப்பதும் ஒரு விதத்தில் திரும்பிப் பார்ப்பதுதானே? டிரங்குப் பெட்டியின் அடியில் ஊர்ப் படம் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிரேக்கர்களின் இன்னொரு கதையில் எக்கோ என்ற வனதேவதை வருகிறாள். நார்ஸிஸஸ் என்ற அழகனை விரும்பி, அவன் ஏறெடுத்தும் பார்க்காததால் உடல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் குரல் மட்டும் மிஞ்சுகிறாள். எதிரொலிக்கு ஆங்கிலத்தில் அவள் பெயர்தான். ஒலிபெருக்கியும் ரிக்கார்டும் வந்த பிறகு, உடம்பில்லாத குரல் நமக்கு அன்றாட விஷயமாகிவிட்டது. நம் லோக்கல் ரயில்களில் 'புடீல் ஸ்டேஷன்', 'அக்லா ஸ்டேஷன்' என்று சொல்லும் குரலுக்கு முகம் ஏது?

பாதாள ரயிலில் ஆர்பியஸ்

அப்படிப்பட்ட ஒரு ரயில்வே குரலின் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இடம் லண்டன். உலகத்தின் முதல் பாதாள ரயில் 1863 ஜனவரியில் அங்கே ஓடத் தொடங்கியது. (நம் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் 1853லேயே புறப்பட்டுவிட்டது என்பது நமக்குப் பெருமை!)

பாதாள ரயிலின் 150வது ஆண்டான 2013ல் மார்க் வாலிங்கர் என்ற கலைஞர் 270 ஸ்டேஷன்களுக்கு 270 புதிர் வட்டங்களை வரைந்து கொடுத்தார். கறுப்பு, வெள்ளையில் எனாமல் பூசிய தகடுகள். நுழைகிற இடத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. ஒன்றைப் போல் ஒன்று இராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. எல்லா ஸ்டேஷன்களையும் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி 2009ல் ஒரு சாதனைப் பயணம் நடந்தது. அந்தப் பயணத்தில் ஸ்டேஷன்கள் வந்த வரிசைதான் இந்த எண்களின் வரிசை.

இதன் மூலக் கதையும் கிரேக்கம். கிரீட் தீவில் மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டார் என்ற அரக்கனை அடைத்து வைக்க, டீடலஸ் என்ற சிற்பி ஒரு சுழல் மாளிகை கட்டினான். உள்ளே போனவன் வெளியே வர முடியாது. தீஸியஸ் என்ற வீரன் மட்டும், அரியாட்னி என்ற இளவரசி கொடுத்த நூலுண்டையைப் பிரித்துக்கொண்டே போய், அரக்கனைக் கொன்று, நூலைப் பிடித்தபடி வெளியே வந்தான். சக்கர வியூகத்தில் நுழையத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவுக்கு அந்த நூல் கிடைக்கவில்லை.

வாலிங்கரின் வட்டங்களில் ஒரு சிறப்பு. வழி எத்தனை முறை வளைந்தாலும் பாதை ஒன்றே. விரலால் தடவிக்கொண்டே போனால் நடுவுக்குப் போகலாம், அதே வழியில் திரும்பி வரலாம். தவறிப் போக வழியில்லை. காலையில் அப், மாலையில் டவுன் என்று சீசன் டிக்கெட்டில் காலம் தள்ளுகிறவனின் வாழ்க்கையும் ஏறக்குறைய அதுதான்.

அதே 2013ல் லண்டன் எம்பேங்க்மென்ட் ஸ்டேஷனில் இன்னொரு காரியமும் நடந்தது. 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்று பிளாட்பாரத்தில் ஒலிக்கும் எச்சரிக்கையைப் பல ஆண்டுகளுக்கு முன் ஆஸ்வால்டு லாரன்ஸ் என்ற நடிகர் பேசிப் பதிவு செய்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் புதிய குரல்கள் வந்து, கடைசியில் இந்த ஒரு பிளாட்பாரத்தில்தான் அவர் குரல் மிஞ்சியிருந்தது. 2007ல் அவர் காலமானார். அவருடைய மனைவி அந்த ஸ்டேஷனுக்குப் போவார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து, கணவர் குரலைக் கேட்டுவிட்டு வருவார். 2012ல் ஒரு நாள் போனபோது குரல் மாறியிருந்தது. புது ஏற்பாடு வந்துவிட்டது. அவர் ரயில் நிர்வாகத்துக்கு விஷயத்தைச் சொன்னார். ஊழியர்கள் பழைய டேப்பைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், அந்த ஒரு பிளாட்பாரத்தில் மறுபடியும் அந்தக் குரலையே ஒலிக்கச் செய்தார்கள்.

ஆர்பியஸ் பாதாளத்துக்குள் இறங்கி மனைவியைத் தேடினான். இங்கே ஒரு மனைவி பாதாளத்துக்குள் இறங்கிக் கணவரின் குரலைத் தேடியிருக்கிறார். பத்தாயிரம் பேர் காதில் விழுந்தும் விழாமல் போகிற அறிவிப்பு, ஒருவருக்கு மட்டும் கச்சேரி. ரயில்வேக்காரர்கள் இரக்கம் காட்ட முடிவு செய்தால் ஹேடீஸைவிட நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அவர்கள் எந்த நிபந்தனையும் போடவில்லையே!

முன்பெல்லாம் ஊரிலிருந்து காஸெட்டில் பேசி அனுப்புவார்கள். தாத்தா இருமுவதும், பின்னால் கோழி கூவுவதும் அதில் கேட்கும். அவர் போன பிறகும் அந்த நாடாவை அழிக்க மனம் வராத குடும்பங்கள் தாராவியிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு. இப்போது செல்போனில் வந்த குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறோம். எம்பேங்க்மென்ட் மனைவியின் கதையைப் புரிந்துகொள்ள நமக்குக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை.

நமக்கு விட்டு வைத்த இடம்

இத்தனை இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. கிரான்புரூக்கில் பாடகன் இல்லை. ஸான் டியாகோவில் மூன்றாவது மரம் பேசவில்லை. ஸென்ட்ரல் பார்க்கில் போட்டோவில் உள்ள பெண் இல்லை. லண்டன் புதிர் வட்டங்களில் தீஸியஸும் இல்லை, மினோட்டாரும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வழியே போகிறவர் வந்து நிரப்பட்டும் என்று கலைஞர் விட்டுவைத்த இடம் அது. வருகிறவர் பேராசிரியராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. காதும் காலும் இருந்தால் போதும். இழந்தவர்களும் பிரிந்திருப்பவர்களும் மற்றவர்களைவிடச் சற்று எளிதாகவே அந்த இடத்தில் நின்றுகொள்ள முடியும்.

இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. நம் மும்பையிலேயே ஆபீஸ் போகிற வழியில் நிற்கும் ஃப்ளோரா ஃபவுண்டன் 1864ல் கட்டியது. உச்சியில் இருப்பவள் ஃப்ளோரா, ரோமானியர்களின் மலர்த் தேவதை. பல காலம் வறண்டு கிடந்த அந்த ஊற்றைச் செப்பனிட்டு 2019ல் மறுபடி தண்ணீர் ஓட விட்டார்கள். ஹுதாத்மா சௌக் பஸ் இரைச்சலுக்கு நடுவே சற்று நின்றால் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம்.

நாம் இன்னும் 'வி.டி.' என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் இருக்கிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் கோபுர உச்சியில் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் சக்கரமுமாக நிற்கும் பெண் 'முன்னேற்றம்' என்பதன் உருவம். ஒரு குணத்தைப் பெண்ணாக வடிப்பது கிரேக்கர்களும் ரோமானியர்களும் விட்டுப் போன வழக்கம். கட்டடத்துச் சுவரிலும் தூணிலும் செதுக்கிய மிருகங்களிலும் பறவைகளிலும் இலை தழைகளிலும் பக்கத்திலுள்ள ஜே. ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கை வேலை இருக்கிறது. 1857ல் தொடங்கிய பள்ளி அது. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய மாணவர்களின் வேலைக்குக் கீழேதான் நம் புறநகர் டிக்கெட் கவுன்ட்டர்கள் நடக்கின்றன. கியூவில் நிற்கிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. கவுன்ட்டருக்குள் இருக்கிறவர்களுக்கும் சில்லறை எண்ணவே நேரம் சரியாக இருக்கிறது.

வாசகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் வரலாம். பிளாட்பாரம் டிக்கெட் செலவுதான். தூண் தூணாகப் பார்த்து எத்தனை மிருகங்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் ஆர்பியஸ் கதையைச் சொல்லுங்கள். அந்த மிருகங்களெல்லாம் யாருடைய பாட்டைக் கேட்கின்றன என்று குழந்தைகளே கேட்பார்கள்.